கண்டிப் பங்கு

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை, அப்படி ஒரு ஆள் எங்கள் ஊரில் இருந்ததே இல்லை என்று சொன்னேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் முறை வருவாய் ஆய்வாளர் கேட்டபோது. இரண்டாம் முறை அந்த மனிதரின் மகள் கேட்டபோது. அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்திக் காலம் கழித்த ஆள் நான்.

அந்த மகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயரை எழுதமாட்டேன். அது ஏற்கெனவே நிறையக் காகிதங்களில் ஏறி, எல்லா இடத்திலும் நிலுவையில் கிடக்கிறது. இன்னொரு காகிதம் வேண்டாம். உறவு முறையில் அவள் எனக்குத் தங்கை. என்னை விடப் பதினைந்து வயது இளையவள். தங்கையை எங்கள் பக்கம் யாரும் ‘அவர்’ என்று சொல்வதில்லை. ‘அவள்’ என்று எழுதும் உரிமை எனக்குப் போய்விட்டது என்று தெரியும். இருந்தும் அப்படியே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு பெரம்பலூரில் வீடு கட்டிக் குடிவந்தோம். தெருமுனையில் ஒரு வெங்காயக் கொட்டகை. குரும்பலூர்ப் பக்கமிருந்து சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்ந்த தாளை அறுத்து, பெரிசு சிறிசு பிரித்துப் போடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. யாரும் அவளை நியமிக்கவில்லை. எதிர் டீக்கடையில் தினமும் பேப்பர் படிக்கப் போவேன். படிப்பது பாதி, கொட்டகையை வேடிக்கை பார்ப்பது பாதி.

ஒரு நாள் கொட்டகை முதலாளி ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வராமல் போனவள்.

“நாளையிலேர்ந்து நீ வர வேணாம். ஒன்ன மாதிரி ஆளுங்களுக்கு வேலை குடுத்ததே தப்பு.”

இவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகை நிதானமாகத் தட்டிவிட்டாள்.

“மொதலாளி, இப்ப என்னமோ சொன்னீங்களே. இன்னொரு தடவ சொல்லுங்க.”

“என்னத்த சொல்றது?”

“இப்ப சொன்னதைத்தான். எங்கிட்ட வேணாம். அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

முதலாளி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் இடுப்பில் பிள்ளை இருந்தது.  “சரி சரி, வேலையப் பாருங்க” என்று எடை மேடைப் பக்கம் போய்விட்டார். இவள் உட்கார்ந்து கத்தியை எடுத்துக்கொண்டாள். ஜெயித்த முகம் எல்லாம் இல்லை. ஈயை விரட்டிவிட்டு உட்கார்ந்தவள் போல இருந்தாள்.

அதுதான் அவள். வேறு எதைச் சொன்னாலும் இதைச் சுற்றித்தான் வரும். அவளிடம் யார் எதைச் சொன்னாலும், அது அநியாயம் என்று பட்டால், திருப்பித் திட்டமாட்டாள், அழமாட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்வாள். அரியலூர் பஸ்ஸில் ஒரு முறை நானும் இருந்தேன். இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த கிழவி ஒருத்தி காலியாக இருந்த சீட்டில் உட்காரப் போனாள். கண்டக்டர், “அகதிக்கெல்லாம் ஜன்னல் சீட்டு கேக்குதா” என்றான். இரண்டு சீட்டு பின்னாலிருந்து இவள் குரல் வந்தது.

“தம்பி, பஸ்ஸு சத்தத்துல சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க.”

“ஒண்ணும் சொல்லலம்மா.”

“அப்ப மொதல்ல சொன்னது யாரு?”

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டான். கிழவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

எப்போதும் இப்படி நடந்துவிடாது. இவளும் அதே முகாம்தான். அங்கே அவ்வப்போது ஆள் கணக்கு எடுப்பார்கள். வரிசையில் நின்று முகம் காட்ட வேண்டும். ஒரு சாவுக்குப் போய்வர அனுமதி கேட்டதற்கு அதிகாரி ஒருவர் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டிருக்கிறார். இவள் வழக்கம்போல இன்னொரு தடவை சொல்லச் சொன்னாளாம்.

“சொன்னாரா?” என்று கேட்டேன்.

“சொன்னாரே. மூணு தடவ சொன்னாரு. அவருக்கு அது பாட்டு மாதிரி.” சிரித்தாள். பிறகு சொன்னாள்: “மொத தடவ வர்றது வாய் தவறி வந்திருக்கலாம். கோவத்துல வந்திருக்கலாம். ரெண்டாவது தடவையும் அதையே சொன்னா, அது அந்த ஆளுதான். யாருகிட்ட நிக்கிறோம்னு தெரிஞ்சு போவுது பாருங்க, அதுக்குத்தான் கேக்குறது.”

இதை எனக்கு அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அது தெரிந்தும்தான் நான் இரண்டாவது தடவை சொன்னேன்.

அவள் என் தங்கை என்று தெரிந்தது அந்த டீக்கடையில்தான். ஒரு நாள் டீ மாஸ்டரிடம், மறுநாள் ஊருக்குப் போகிறேன், பங்காளிகள் எல்லாம் சேர்ந்து சாமிக்குக் கெடா வெட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொட்டகைப் பெண்களுக்கு டீ வாங்கத் தூக்குவாளியோடு நின்றவள் திரும்பினாள்.

“சாருக்கு எந்தூரு?”

“உடையார்பாளையம் பக்கம்.”

அவள் தூக்குவாளியைப் பெஞ்சில் வைத்தாள்.

“உங்க சாமிக்கு வெட்டுற கெடாவுல, கண்டிப் பங்குன்னு ஒண்ணு எடுத்து வைப்பாங்களா?”

 இந்தச் சொல் எங்கள் பங்காளிகளுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கெடா வெட்டி, கறியை வயது வந்த ஆண் ஒருவருக்கு ஒரு கூறு என்று வாழை இலையில் வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். வெளியூரில் இருப்பவனுக்கும் கூறு உண்டு. அவனுடைய நெருங்கிய பங்காளி வாங்கிக்கொள்வான். கடைசியாக ஒரு கூறு. அதற்குப் பெயர் கண்டிப் பங்கு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இலங்கை முழுவதற்கும் கண்டி என்றுதான் பெயர். கண்டிக்குப் போனவர் என் அப்பாவின் சித்தப்பா மகன், அதாவது எனக்குச் சித்தப்பா முறை. எனக்கு எட்டு வயது இருக்கும்போது தோணி ஏறிப் போனவர் திரும்பவே இல்லை. பங்கு மட்டும் வருடா வருடம் கூப்பிடப்பட்டது. எங்கள் வீடுதான் வாங்கியது.

“எங்கப்பா ஊரு பேர உடையார்பாளையம்னு மட்டுந்தான் சொல்லுவாரு” என்றாள் அவள். “எந்தக் கிராமம்னு கேட்டா, அங்க போயி கண்டிப் பங்கு யாரு எடுத்து வைக்கிறாங்கன்னு கேளு, அதுதான் நம்ம ஊருன்னு சொல்லுவாரு. இங்க வந்து எத்தனையோ பேருகிட்ட கேட்டுட்டேன்.”

சுற்று வட்டாரத்துக் கிராமத்துக்காரர்கள் வெளியே போனால் பெரிய ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். அவரும் அதைத்தான் செய்திருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே இறந்தும் போனார். கலவரத்துக்குப் பிறகு இவள் தன் தாயோடு படகில் வந்து மண்டபத்தில் இறங்கி, அங்கிருந்து பெரம்பலூர் முகாமுக்கு அனுப்பப்பட்டாள். அப்பாவின் ஊரிலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் அகதியாக இருந்திருக்கிறாள்.

நான்தான் அவளுக்குச் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. “அவரு தோள்ல உக்காந்துதான் நான் சாமி கும்புடு பாப்பேன். பிடரியில ஒரு தழும்பு இருக்கும், முந்திரிக்கொட்ட சுடுறப்ப எண்ண தெறிச்சது. மேடு மாதிரி இருக்கும். விழுந்துடாம இருக்க அதைத்தான் புடிச்சுக்குவேன்.”

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன்.

“அப்பாவுக்குத் தல சீவி விடுறப்ப நானும் அதத் தொட்டிருக்கேண்ணே.”

‘இன்னொரு தடவ சொல்லுங்க’ என்பதை வேறு விதத்தில் அவள் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணன். எங்கள் வீட்டுக்கு வருவாள். என் மனைவியோடு சமையல்கட்டில் உட்கார்ந்து பேசுவாள். தோட்டத்துப் பாணியில் ஒரு தேங்காய்ச் சம்பல் அரைத்துக் கொடுப்பாள். என் மனைவி அவளை நாத்தனார் என்றே கூப்பிட்டாள். ஒரு நாள் தங்கை தன் மகளைக் கூட்டி வந்து காட்டினாள். நர்சிங் படித்த பெண். தனியார் ஆஸ்பத்திரியில், அரசு நர்ஸ் வாங்குவதில் கால்வாசிக்கு இரவு பகலாக வேலை செய்துகொண்டிருந்தாள். முகாமிலேயே பிறந்தவள். இலங்கையைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்காதவள். அவளும் அகதி. நாற்பது கிலோமீட்டர் தள்ளி அவளுடைய தாத்தாவுக்கு வருடா வருடம் கறிப் பங்கு எடுத்து வைக்கும் ஊர் இருக்கிறது, அவளுக்கு அரசு வேலைக்கு மனுப் போட உரிமை இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் அந்த ஆத்திரத்தை வேறு எவர் மேலும் காட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

திருச்சி வக்கீல் ஒருவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். அவர் சொன்னது எளிமையாக இருந்தது. அரசியல் சட்டம் அமலுக்கு வந்த காலத்தில் இவள் அப்பா இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருந்தார் என்று நிரூபித்தால், அவர் இந்தியக் குடிமகன். அவர் குடிமகன் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்தாலும் வம்சாவளியில் மகளும் குடிமகள். அவள் குடிமகள் என்றால் முகாமில் பிறந்த பெண்ணும் அப்படியே.

“ஏதாவது ரெக்கார்டு இருக்கா?” என்று கேட்டார் வக்கீல்.

எதுவும் இல்லை. சித்தப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. நிலம் கூட்டு நிலம், அவருக்கு அண்ணன் முறையான என் அப்பா பெயரில் இருந்தது.

“அப்ப நேர்ல பாத்தவங்க யாராவது?”

இவள் என்னைப் பார்த்தாள். “எங்கண்ணன் இருக்காருங்க” என்றாள்.

பழைய ஆட்களில் நான் ஒருவன்தான் மிச்சம். மகளுக்கு அரசு வேலைக்கான வயது வரம்பு முடிய இன்னும் ஓராண்டுக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. அதற்குள் முடிந்துவிடும் என்று வக்கீல் சொன்னார். நானும் சொன்னேன்.

மனுப் போட்ட செய்தி ஊருக்குப் போனது. என் தம்பி மகன் பெரம்பலூருக்கே வந்துவிட்டான். ஊரில் நிலத்தையெல்லாம் பார்த்துக்கொள்வது அவன்தான்.

“பெரியப்பா, கொஞ்சம் யோசிச்சுத்தான் செஞ்சீங்களா? சிமெண்டு கம்பெனியில சுண்ணாம்புக்கல்லு வெட்ட நம்ம முந்திரிக் கொல்லைய வெலைக்குக் கேக்குறாங்க. அதுல பாதி அந்தக் கண்டிக்காரரோட பாகம். இருந்தாருன்னு நீங்க எழுதிக் குடுத்தா, வாரிசு யாரு? அந்தம்மா வந்து நிக்கும்.”

“அது அப்படிக் கேக்குற பொம்பள இல்லடா.”

“இன்னைக்குக் கேக்காது. அதோட வக்கீலு கேப்பான். உங்க பேரனுக்கு அந்தப் பணத்துலதான எடம் வாங்கித் தரேன்னீங்க, காலேஜுல?”

அவன் மேல் பழியைப் போட்டு எழுதிவிடலாம். அது சுலபம். ஆனால் அவன் போன பிறகு இரண்டு வாரம் நான் யோசித்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இரண்டு வாரமும் அவள் வந்து சம்பல் அரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். நான் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். முடிவெடுத்தது நான்.

விசாரணை எங்கள் ஊர் ஊராட்சிக் கட்டடத்தில் நடந்தது. வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ., பங்காளிகள் நாலைந்து பேர். அவள் மகளோடு கதவோரம் நின்றாள். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

“சார், நீங்க படிச்சவங்க. நீங்க சொல்றத அப்படியே எழுதிக்கிறேன்” என்றார் ஆய்வாளர். “இந்தம்மா சொல்ற ஆளு உங்க ஊர்ல குடியிருந்தாரா?”

“இல்ல சார். அப்படி ஒரு ஆள் எங்க ஊர்ல இருந்ததே இல்ல.”

“கண்டிப் பங்குன்னு ஏதோ ஒண்ணு...”

அதற்கும் நான் தயாராகப் போயிருந்தேன். “அது ஆளுக்கு வைக்கிறது இல்ல சார். எங்க முன்னோர்கள் கண்டியிலேர்ந்து ஒரு சாமி கொண்டு வந்ததா ஐதீகம். அந்தச் சாமிக்கு வைக்கிற பங்கு. நாளாவட்டத்துல ஜனங்க வேற மாதிரி பேச ஆரம்பிச்சிருப்பாங்க. வாய்மொழி வரலாறுல இது சகஜம்.”

வாய்மொழி வரலாறு என்று சொன்னேன். வகுப்பில் சொல்லும் அதே குரலில். ஆய்வாளர் மரியாதையாகத் தலையாட்டி எழுதினார். வாழ்நாள் முழுக்கப் படித்த படிப்பை ஒருவரின் காலடித் தடத்தைத் துடைத்து அழிப்பதற்குப் பயன்படுத்தினேன். என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் படிக்கட்டும்.

அவள் கதவோரத்திலிருந்து நடந்து என் எதிரே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. உற்றுப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“அண்ணே, எங்கப்பா பிடரியில ஒரு தழும்பு இருந்துச்சே.”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“அவரத் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியாது.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

தப்பித்துக்கொள்ள எனக்கு அவள் கொடுத்த கடைசி வாய்ப்பு அது. வெங்காய முதலாளிகூட அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

“அப்படி ஒரு ஆளு இந்த ஊர்ல இல்லம்மா” என்றேன்.

“சரிங்க சார்” என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் தெருக் கொட்டகைக்கே வரவில்லை. வேறு மண்டிக்குப் போய்விட்டாள். நான் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். என் மனைவி பல நாள் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபோதும் சாப்பாட்டைத் தவிர எதைப் பற்றியும் பேசவில்லை.

அடுத்த சாமி கும்பிடு வந்தது. தம்பி மகன் முன்னதாகவே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்: சாமிக்குத்தான் தலைக்கறி தனியாக வைக்கிறோமே, கண்டிப் பங்கு என்று இனிமேல் கூப்பிட வேண்டாம். அவனுக்கு அந்தச் சொல்லே ஊர் வாயிலிருந்து போக வேண்டும். சரி என்றார்கள். கறியைக் கூறு போடுபவர் எங்கள் பங்காளி ஒருவர், அறுபது வயதுக்காரர். அவருக்கு முன்னால் அவர் அப்பா போட்டார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். எல்லோரும் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். கடைசியில் இலையில் ஒரு கூறு மிச்சம் இருந்தது.

கை பழக்கத்தில் போட்டுவிட்டது. கூப்பிட வேண்டாம் என்று வாய்க்குச் சொன்னார்கள், கைக்கு யாரும் சொல்லவில்லை. கூறு போட்டவர் இலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒன்று இரண்டு என்று திரும்ப எண்ணினார். யாராவது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தால், யாருடைய பங்கை எடுக்கிறோம் என்ற கேள்வி வரும். நாங்கள் அத்தனை பேரும் ஒரு கைப்பிடிக் கறியைச் சுற்றி நின்றுகொண்டு ஆகாயத்தைப் பார்த்தோம். “சாமி கல்லு மேல வச்சுடு” என்றான் தம்பி மகன். வைத்தார்கள். நாங்கள் சமைத்து முடிப்பதற்குள் நாய்கள் இழுத்துக்கொண்டு போயின.

அன்று நானும் உட்கார்ந்து கறி சாப்பிட்டேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

அவள் மகளுக்கு அந்த வருடமே வயது வரம்பு முடிந்தது.

அதன் பிறகுதான் தாலுகா ஆபீசுக்குப் போனேன். எவ்வளவு தாமதம் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது பொய், திருத்தி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். தாசில்தார் சின்ன வயதுக்காரர். என் வாக்குமூலத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

“அப்ப எது சார் நெசம்? அதுவா, இதுவா?”

“இதுதான்.”

“அதுலயும் இதுதான் நெசம்னு எழுதித்தான கையெழுத்து போட்டிருக்கீங்க?”

“ஆமா.”

“நாளைக்கு மூணாவதா ஒண்ணு சொன்னா?”

எழுதிக்கொண்டு போயிருந்த காகிதத்தை நீட்டினேன். இரண்டாவது வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டார். பொய்ச் சாட்சி என்று என் மேல் வழக்குப் போடலாம் என்றும் சொன்னார். போடுங்கள் என்றேன். சலித்துப் போய்க் கையைக் காட்டினார். கோப்பில், சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார், அவர் சொல்லை நம்ப இயலாது என்று எழுதினார்கள். பொய் சொன்னபோது என்னை நம்பினார்கள். உண்மையைச் சொல்ல வந்தபோது நான் நம்பத் தகாதவனாகிவிட்டேன். அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது, அவர் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்று.

முகாமுக்குப் போனேன். தகரக் கூரை வரிசையில் நாலாவது வீடு. வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“சொல்லுங்க சார்.”

சொன்னேன். நிலத்தைப் பற்றி, தம்பி மகன் வந்ததைப் பற்றி, நான் பொய் சொன்னதைப் பற்றி. அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளியே வந்து நின்றார்கள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்.”

சொன்னேன். முடித்ததும் ஒரு கிழவி, “இந்தப் பெரிய மனுசனுக்குக் கொல்ல எவ்வளவு பெருசாம்?” என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எனக்கு முந்திரிக் கொல்ல இருக்குன்னே நீங்க சொல்லித்தான் தெரியுது” என்றாள். “கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பேன். இனிமே குடுக்க மாட்டேன். எங்கப்பா பாகத்த நான் வாங்காம விட மாட்டேன்.” பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். “இங்க வந்து சொல்லி என்ன ஆவப் போவுது? எங்க இல்லைன்னீங்களோ அங்க நின்னு சொல்லுங்க. கெடா வெட்டுற அன்னைக்கு. நான் வரேன்.”

வந்தாள். மகளோடு வந்தாள். வி.ஏ.ஓ.வையும் வரச் சொல்லிக் கேட்டிருந்தேன். புதிதாக மாற்றலாகி வந்த பெண். அவரும் வந்து வேப்ப மரத்தடியில் நின்றார். கூறு போட்டு முடித்து, பெயர் கூப்பிடத் தொடங்கும் முன் நான் முன்னால் போய் நின்றேன். சித்தப்பா யார், எந்த வீட்டில் இருந்தார், எப்போது போனார், நான் ஏன் மறைத்தேன் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பெரியப்பாவுக்கு வயசாயிட்டு. ஞாபகம் தடுமாறுது” என்றான் தம்பி மகன்.

கூறு போடுபவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“அப்ப போன வருசம் நான் போட்ட கணக்கு தப்பில்ல?”

“தப்பில்ல.”

“அடப்பாவி மனுசா. கண்ணு தெரியாமப் போச்சுன்னு டவுனுக்குப் போயி கண்ணாடி மாத்திக்கிட்டு வந்தேனே. ஒரு வருசமா எம் பொண்டாட்டி குருடன் குருடன்னு ஏசுறா.” பிறகு குரல் இறங்கியது. “எங்கப்பா அந்தப் பங்கக் கூப்புடுறப்ப ஆளு பேரச் சொல்லித்தான் கூப்புடுவாரு. கண்டிக்குப் போன இன்னாரு பங்குன்னு. பேருதான் எனக்கு மறந்து போச்சு.”

பெயரை நான் சொன்னேன். அவர் எல்லாப் பெயரையும் கூப்பிட்டு, கடைசியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். அவள் முன்னால் வந்தாள்.

“பொம்பளைங்க கையில பங்கு குடுக்குற வழக்கம் இல்லியே” என்றார் பூசாரி.

“என்ன சொன்னீங்க சாமி? இன்னொரு தடவ சொல்லுங்க.”

பூசாரி சொல்லவில்லை. அவள் இலையோடு சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்படியே நின்று எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

“இத்தன வருசமா இத யாரு வாங்குனது?”

“நாங்க” என்றேன்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

“நாங்கதான் வாங்கினோம். எங்க வீட்லதான் தின்னோம்.”

அவள் இலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். கணக்கெடுப்பு இருக்கிறது, சாயங்காலத்துக்குள் முகாமில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வி.ஏ.ஓ. தன் காதால் கேட்டதை எழுதினார். கூறு போடுபவரும் இன்னும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கோப்பு கலெக்டர் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போயிருக்கிறது. இன்னும் வரவில்லை. மகள் அதே ஆஸ்பத்திரியில் அதே சம்பளத்தில் இருக்கிறாள். முந்திரிக் கொல்லையில் இவளுக்குப் பாகம் உண்டு என்று கோர்ட்டில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தம்பி மகன் என் முகத்தில் விழிப்பதில்லை. என் மனைவி மட்டும் எப்போதாவது முகாமுக்குப் போய்வருகிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்று தங்கை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று சொன்னாள். பொய்யாகவாவது கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம். என் மனைவிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. இந்தக் கோப்பு விஷயமாக என்று ஒருவர் பேசினார். பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

“உங்க ஸ்டேட்மெண்ட் ரெண்டு மாதிரி இருக்கு. அந்த ஆளு உங்க ஊர்ல இருந்தாரா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“இருந்தார்.”

“சரி, வச்சிடுறேன்.”

“சார், இன்னொரு தடவ கேளுங்க” என்றேன்.

அதற்குள் அவர் வைத்துவிட்டிருந்தார்.